சுழியில் சிக்கிய தலை: ஃபேரிங் பைக்கில் காற்று உலுக்கலைக் குறைப்பது எப்படி?

நான்குவழிச் சாலையில் 60-ஐத் தாண்டும் வரை ஒன்றும் தெரியாது. 75, 80-ஐத் தொட்டதும் ஹெல்மெட்டுக்குள் தடதடவென்று ஒரு சத்தம் தொடங்கும். பின்சீட்டில் யாரோ உட்கார்ந்து இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்குவது போலத் தலை ஆடும். முன்னால் போகிற லாரியின் நம்பர் பிளேட் கலங்கித் தெரியும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கினால் கழுத்து கட்டையாகியிருக்கும். காதில் இரைச்சல் அடங்க நேரமாகும். பைக்கர்கள் இதை பஃபெட்டிங் என்பார்கள். உலுக்கல் என்று சொன்னாலும் யாருக்கும் புரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன்னால் மறைப்பே இல்லாத நேக்கட் பைக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. காற்றைத் தடுக்கத்தான் ஃபேரிங்கும் (பைக்கின் முன்பக்கத்தை மூடும் பிளாஸ்டிக் உறை) வைசரும் வைக்கிறார்கள். உலுக்கலையும் அவைதான் கொண்டுவருகின்றன. அதனால்தான் ‘காற்று அடிக்கிறது, இன்னும் உயரமான வைசர் மாட்டு’ என்ற அறிவுரை பாதிப் பேருக்குப் பலிக்காமல் போகிறது. சிலருக்கு நிலைமை முன்னைவிட மோசமாகிறது.

ஒரு சொல் விளக்கம். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியையும் வைசர் என்கிறோம், பைக்கின் முன்கண்ணாடியையும் வைசர் என்கிறோம். இந்தக் கட்டுரையில் வைசர் என்றால் பைக்கில் இருப்பது மட்டுமே.

தள்ளுவது வேறு, உலுக்குவது வேறு

காற்று உங்களைத் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவரின் மார்பிலும் தலையிலும் 80 கி.மீ. வேகத்தில் தோராயமாக 12 கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது. அதுவே 120-இல் இரண்டேகால் மடங்கு, அதாவது 27 கிலோ. இது களைப்பைத் தரும், கையை இழுக்கும். ஆனால் ஒரே சீராகத் தள்ளுகிற காற்றை உடம்பு சமாளித்துவிடும். கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் காற்றே உங்களைத் தாங்கிக்கொள்ளும்.

உலுக்கல் அப்படிப்பட்டதல்ல. அதில் விசை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மாறிக்கொண்டே இருந்தால் போதும். 80 கி.மீ. வேகத்தில் வைசர் விளிம்பிலிருந்து கழன்று வரும் சுழல்கள் விநாடிக்கு ஏறத்தாழ 10 முதல் 20 முறை ஹெல்மெட்டை மாறி மாறித் தட்டுகின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் கழுத்துத் தசை எதிர்வினை செய்கிறது. களைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

ஆற்றுப் பாலத்துத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். நடு ஆற்றில் தண்ணீர் வேகமாக, ஆனால் ஒழுங்காக ஓடுகிறது. தூணுக்கு நேர் பின்னால் சருகும் நுரையும் நகராமல் தேங்கிக் கிடக்கின்றன. இரண்டுக்கும் நடுவே, தூணின் ஓரத்திலிருந்து கிளம்பும் கோட்டில்தான் சுழி. ஓடுகிற நீரில் நீந்தலாம், தேங்கிய நீரில் நிற்கலாம். சுழியில் மாட்டினால்தான் ஆபத்து.

வைசருக்குப் பின்னாலும் இதே மூன்று பகுதிகள்தான். மேலே ஓடுகாற்று, வைசருக்குப் பின்னால் தேங்குகாற்று, இடையில் சுழிக்காற்று. இந்தச் சுழிப்பட்டை விளிம்பில் கிளம்பும்போது மெல்லியது. பின்னால் போகப் போகத் தடிக்கும். விளிம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி உங்கள் தலை இருக்கிறதென்றால், அங்கே பட்டையின் தடிமன் சுமார் 8 முதல் 10 செ.மீ. இருக்கும். ஹெல்மெட்டோ 25 செ.மீ. உயரம். இரண்டு செ.மீ. உயரமான வைசரை வாங்கி மாட்டினால், பட்டை பெரும்பாலும் ஹெல்மெட்டை விட்டு வெளியே போகாது. தாடையில் விழுந்த அடி நெற்றிக்கு மாறும், அவ்வளவுதான்.

ஆகவே வழி இரண்டுதான். ஒன்று, தலையை முழுக்க ஓடுகாற்றில் வையுங்கள். பட்டை தோளுக்குக் கீழே போகட்டும். அல்லது தலையை முழுக்கத் தேங்குகாற்றுக்குள் கொண்டுவாருங்கள். பட்டை ஹெல்மெட்டுக்கு மேலே போகட்டும். பாதிக்குப் பாதி என்கிற சமரசம் இங்கே செல்லாது.

கீழிருந்து வரும் காற்று

புதிதாக வருபவர்கள் தவறவிடுவது இதைத்தான். வைசரின் மேல்விளிம்பைத் தாண்டி வேகமாக ஓடும் காற்று, பின்னால் தேங்கியிருக்கும் காற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னோடு இழுத்துப் போகிறது. அதனால் வைசருக்கும் உங்கள் மார்புக்கும் நடுவே அழுத்தம் குறைகிறது. குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள காற்று ஓடி வரும். மேலிருந்து சுருண்டு இறங்கும், பக்கவாட்டில் நுழையும், முன்ஃபோர்க்குக்கும் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாய்) டேங்குக்கும் நடுவே உள்ள சந்து வழியாக மேலே ஏறும். இப்படி மேலே ஏறும் காற்று மார்பைத் தொட்டு, தாடைக்கு அடியில் புகுந்து, ஹெல்மெட்டைத் தூக்குகிறது.

வைசர் எவ்வளவு பெரிதோ, பின்னால் உண்டாகும் அழுத்தக்குறைவும் அவ்வளவு பெரிது. உயரமான வைசர் மாட்டியவர்களில் சிலர் ‘முதுகில் யாரோ கைவைத்து முன்னால் தள்ளுகிற மாதிரி இருக்கிறது’ என்று சொல்வது இதனால்தான். முன்னால் அழுத்தம் குறைவு, முதுகுப் பக்கம் அதைவிடக் கூடுதல்.

முன்மட்கார்டு உயரத்தில் இருக்கும் அட்வென்ச்சர் வகை பைக்குகளில் இந்தக் கீழ்க்காற்றின் பங்கு பெரிது. சக்கரத்துக்கும் ஃபேரிங் மூக்குக்கும் இடையே அங்கே திறந்த வெளி அதிகம். ஸ்போர்ட்ஸ் வகையில் ஃபேரிங் இருபுறமும் இறங்கி மூடியிருப்பதால் கீழ்க்காற்று குறைவு. அங்கே சிக்கல் வைசர் தாழ்ந்திருப்பதுதான். டேங்கில் படுத்து ஓட்டுபவருக்காக வரைந்த வைசர் அது. அரைகுறையாகக் குனிந்து ஓட்டினால் தலை சரியாகச் சுழிக்குள் போய் உட்காரும்.

காசு செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

எல்லாமே இலவசம். ஆனால் நிபந்தனைகள் உண்டு. காற்று அடங்கிய அதிகாலை, நேரான, ஆளில்லாத சாலை, முன்னால் பஸ்ஸோ லாரியோ இல்லாத இடம். பெரிய வண்டியின் பின்னால் கிளம்பும் சுழிக்காற்று அதன் நீளத்தைப் போலப் பல மடங்கு தூரம் நீளும்; அதற்குள் நின்றுகொண்டு உங்கள் வைசரைச் சோதித்தால் விடை தப்பாகத்தான் வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கமோ பல்லடம், உடுமலைப் பக்கமோ இந்தச் சோதனையே வேண்டாம். காற்றாலைகளை அங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. எங்கே செய்தாலும் ஒரே சாலையில் போகும்போதும் வரும்போதும் செய்யுங்கள். இயற்கைக் காற்றின் பங்கு அப்போதுதான் கழியும். வேகம் 80 போதும். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018-இல் அறிவித்த உச்சவரம்பும் அதுதான். எப்போதும் போடும் ஹெல்மெட், எப்போதும் போடும் ஜாக்கெட்டோடு செய்யுங்கள்.

முதல் சோதனை: எழுவதும் குனிவதும். வேகத்தைச் சீராக வைத்துக்கொண்டு ஃபுட்பெக்கில், அதாவது கால்மிதியில், பாதத்தை ஊன்றி மெதுவாக எழுங்கள். 5 செ.மீ., 10 செ.மீ., 15 செ.மீ. எந்த இடத்தில் தடதடப்பு நின்று ஒரே சீரான ‘ஷ்ஷ்’ ஆகிறது என்று கவனியுங்கள். பிறகு உட்கார்ந்து, அதே போல இடுப்பை வளைத்துக் கீழே இறங்குங்கள். கொஞ்சம் எழுந்ததுமே அடங்குகிறது என்றால் உங்களுக்குத் தேவை தாழ்ந்த வைசர். கொஞ்சம் குனிந்ததுமே அடங்குகிறது என்றால் உயர்ந்த வைசர், அல்லது மேலே ஒரு கூடுதல் தகடு. எவ்வளவு எழ வேண்டியிருந்தது, எவ்வளவு குனிய வேண்டியிருந்தது என்பதே நீங்கள் மாற்ற வேண்டிய அளவு. எழுந்தாலும் குனிந்தாலும் 15 செ.மீ.க்குள் எதுவும் மாறவில்லையா? சந்தேகத்தைக் கீழ்க்காற்றின் மேலோ ஹெல்மெட்டின் மேலோ திருப்புங்கள்.

இரண்டாவது சோதனை: கை. வலக்கை ஆக்சிலரேட்டரில் இருக்கட்டும். பின்னால் வண்டி வரவில்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, 60, 70 வேகத்தில் இடக்கையை வைசருக்குப் பின்னால் விரித்துப் பிடித்து மெல்ல மேலே கொண்டுபோங்கள். விரல் நுனி ஓரிடத்தில் படபடவென்று துடிக்கத் தொடங்கும். அதுதான் சுழிப்பட்டையின் அடிப்பக்கம். இன்னும் மேலே போனால் துடிப்பு நின்று, கை ஒரே சீராகப் பின்னால் தள்ளப்படும். அங்கே ஓடுகாற்று தொடங்கிவிட்டது. இந்த இரண்டு இடங்களும் உங்கள் தாடைக்கு நேரா, மூக்குக்கு நேரா, நெற்றிக்கு நேரா என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, உள்ளங்கையை வைசரின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே, லேசாகச் சாய்த்து ஒரு தகடு போலப் பிடியுங்கள். ஹெல்மெட் அமைதியானால், விளிம்பில் மாட்டும் டிஃப்ளெக்டர் (காற்றைத் திருப்பிவிடும் சிறு தகடு) உங்களுக்கு வேலை செய்யும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மூன்றாவது சோதனை: டேங்க் பை. 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள டேங்க் பை ஒன்றை மாட்டி ஓட்டிப் பாருங்கள். அது இல்லையென்றால் ஒரு ஜாக்கெட்டைச் சுருட்டி, பங்கி கயிற்றால் டேங்கின் மேல் இறுக்கிக் கட்டினாலும் சரி. ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா என்று நிறுத்திவைத்துப் பார்த்த பிறகே கிளம்புங்கள். உலுக்கல் கணிசமாகக் குறைந்தால் குற்றவாளி கீழ்க்காற்று. வைசர் உயரத்தில் கைவைக்கவே வேண்டாம்.

நான்காவது சோதனைக்கு ஒரு நண்பரும் பின்னல் கடையில் கிடைக்கும் கம்பளி நூலும் வேண்டும். நூலை 8 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டுங்கள். வைசரின் வெளிப்புறத்தில் ஆறு, உட்புறத்தில் ஆறு, மேல்விளிம்பில் நான்கு, டேங்கின் மேல் நான்கு. நண்பர் தனது பைக்கின் பின்சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, பக்கத்துத் தடத்தில் வந்தபடி ஃபோனில் ஸ்லோமோஷனில் எடுக்கட்டும். நிறுத்திவைத்துப் பார்த்தால் காற்றையே கண்ணால் பார்க்கலாம். வெளிப்புற நூல்கள் வைசரோடு ஒட்டி, தலைவாரிவிட்டது போலப் பின்னோக்கிக் கிடக்கும். மேல்விளிம்பு நூல்கள் சாட்டை போலச் சுழலும். உட்புறத்தில் ஒட்டிய நூல்கள் கீழே தொங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவை மேல்நோக்கி நிமிர்ந்து, வைசரைப் பார்த்து முன்பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பைக் முன்னால் போக, காற்று அங்கே உங்களிடமிருந்து வைசரை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது. டேங்கின் மேல் நூல் விறைத்து மேலே நின்றால் கீழ்க்காற்றும் கூட்டணியில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. முடிந்தால் வைசரைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். அப்போதும் தலை ஆடினால் வைசர் நிரபராதி. ஹெல்மெட்டைப் பாருங்கள்.

வைசரின் உயரமும் சாய்வும்

தேங்குகாற்றுக்குள் தலை இருக்க வேண்டும் என்று முடிவு செய்தால், வைசரின் மேல்விளிம்பு உங்கள் மூக்குக்கும் வாய்க்கும் நடுவே உள்ள மட்டத்தில் இருக்கட்டும். காற்று விளிம்பைத் தாண்டும்போது சில செ.மீ. மேலே எழும்பித்தான் போகும், எனவே கண் மட்டம் வரை வைசர் தேவையில்லை. தேவையில்லை என்பது மட்டுமல்ல, கூடாது. வைசர் வழியாகப் பார்த்து ஓட்டினால் மழையிலும், எதிர்வண்டியின் ஹைபீமிலும், செத்த பூச்சிகளின் கறையிலும் சாலையே தெரியாது. விளிம்புக்கு மேலே பார்க்க வேண்டும். 10, 15 மீட்டர் முன்னால் உள்ள தார் விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும்.

ஒரே உயரமுள்ள இரண்டு பேருக்கு ஒரே வைசர் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். 175 செ.மீ. ஆள் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். சீட்டில் உட்கார்ந்தால் தலை மட்டத்தில் 4, 5 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். ‘என் நண்பருக்கு அருமையாக இருக்கிறது’ என்ற சிபாரிசில் வாங்கிய வைசர்கள் பல வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

வாங்கும் முன் இரண்டு பக்கமும் ஒத்திகை பார்க்கலாம். உயரமான வைசர் எப்படி இருக்கும் என்று தெரிய, நம்பர் பிளேட் ஸ்டிக்கர் கடையில் 2 மி.மீ. அக்ரிலிக் துண்டு கேளுங்கள், 8 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, விளிம்புகளைத் தேய்த்து மழுக்கி, வைசரின் வெளிப்புறத்தில் அகலமான துணி டேப்பால் நன்றாக ஒட்டுங்கள். முதலில் 50-இல் ஓட்டி, நிறுத்தி, ஒட்டு பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் 80. தாழ்ந்த வைசரின் ஒத்திகைக்கு வைசரை வெட்ட வேண்டியதே இல்லை. சீட்டின் மேல் 3 செ.மீ. ஃபோம் போட்டு உட்காருங்கள். தலை 3 செ.மீ. எழுந்தாலும் வைசர் 3 செ.மீ. தாழ்ந்தாலும் கணக்கு ஏறத்தாழ ஒன்றே.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கம்பெனி வைசரை எடுத்துவைத்துவிட்டு, இன்னொன்று வாங்கி வெட்டுங்கள். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் கோடு போட்டு, நெருக்கமான பல்லுள்ள ஹேக்ஸா பிளேடால் ஒரு தடவைக்கு 1 செ.மீ.க்கு மேல் எடுக்காமல் வெட்டி, ஓட்டிப் பார்த்து, பிறகு அடுத்த 1 செ.மீ. போதும் என்றானதும் 240, 400, 800 உப்புத்தாளால் வரிசையாகத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து விளிம்பை உருட்டுங்கள். கூரான மூலை விடாதீர்கள். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும், விபத்தில் கழுத்துப் படுவதும் அங்கேதான்.

சாய்வைப் பொறுத்தவரை, வைசர் செங்குத்தாக நிற்க நிற்கக் காற்றை உயரமாக எறியும், பின்னால் சுழியும் பெரிதாகும். பின்னால் சாயச் சாயக் காற்று வழுக்கிக்கொண்டு போகும், மேல்விளிம்பும் தலைக்குப் பக்கத்தில் வரும். விளிம்பு பக்கத்தில் இருந்தால் பட்டை தடிக்க இடமில்லை. எனவே முடிந்தவரை சாய்வு நல்லது. மேல் போல்ட்டுகளில் மட்டும் வாஷர் போட்டால் வைசர் நிமிரும், கீழ் போல்ட்டுகளில் மட்டும் போட்டால் சாயும். 3, 4 மி.மீ. வாஷரே மேல்விளிம்பை 1 செ.மீ.க்கு மேல் நகர்த்திவிடும்.

சந்து விடுங்கள்: 60 ரூபாய் வைத்தியம்

வைசருக்குப் பின்னால் அழுத்தம் குறைவதுதான் கோளாறு என்றால், அங்கே கொஞ்சம் காற்றை நாமே ஒழுங்காக உள்ளே விடலாமே? வைசரின் கீழ்விளிம்புக்கும் ஃபேரிங்குக்கும் நடுவே ஒரு சந்து விட்டால் போதும். பெரிய டூரிங் பைக்குகளில் வைசரின் அடியிலோ நடுவிலோ தொழிற்சாலையே ஓட்டை விடுவது இதற்காகத்தான்.

10 மி.மீ.க்குக் குறைந்த சந்து பெரும்பாலும் உணரத் தெரியாது. 15 முதல் 20 வரை நல்ல பலன். 30-ஐத் தாண்டினால் சந்து வழியாக வருகிற காற்றே நேராக மார்பில் அடிக்கும், மழை மீட்டர் மேல் கொட்டும். சந்துக்குப் பின்னால் காற்று மேலே ஏற வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மீட்டரின் பிளாஸ்டிக் மூடி வைசரை ஒட்டிச் சுவர் போல நின்றால் சந்து விட்டும் பயனில்லை.

நம் ஊர் ஃபேரிங் பைக்குகள் பலவற்றில் வைசரை எம்5 (5 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுகளால்தான் பிடித்திருப்பார்கள். அவற்றில் சிலவற்றில் ஃபேரிங்கின் ஓட்டையில் ஒரு ரப்பர் வெல்நட் உட்கார்ந்திருக்கும். கட்டைவிரல் நுனி அளவு ரப்பர் குப்பி, அதன் அடியில் ஒரு பித்தளை நட். போல்ட்டை முறுக்க முறுக்க நட் மேலே ஏறும், ரப்பர் நசுங்கிப் பக்கவாட்டில் புடைத்து ஓட்டையைக் கவ்விக்கொள்ளும். அதிர்வையும் அதுவே வாங்கிக்கொள்ளும்.

பழைய போல்ட் 16 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 14 மி.மீ. ஸ்பேசர் (போல்ட்டில் கோத்து, வைசருக்கும் ஃபேரிங்குக்கும் நடுவே வைக்கும் குட்டிக் குழாய்) போட்டால் கணக்கு சரியாக 30. எம்5 போல்ட் 30 மி.மீ. நீளத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். 15 மி.மீ. ஸ்பேசர் என்று வாங்கிவிட்டால் தேவை 31. அப்படி ஒரு போல்ட் கிடையாது, 30-ஐப் போட்டால் ஒரு மரை குறையும். 19 மி.மீ. ஸ்பேசர் என்றால் 35 மி.மீ. போல்ட். ஸ்பேசர் அலுமினியமோ நைலானோ, வெளிவிட்டம் 12 மி.மீ., உள்துளை 5.5 மி.மீ. போல்ட் தலைக்கும் வைசருக்கும் நடுவே ஒரு நைலான் வாஷர், ஸ்பேசருக்கும் வைசருக்கும் நடுவே ஒரு ரப்பர் வாஷர். எல்லாம் சேர்த்து ஐம்பது, அறுபது ரூபாய்க்குள் முடியும்.

முறுக்குவதில்தான் பலர் வைசரை உடைக்கிறார்கள். கையால் முடிந்தவரை முறுக்கி, பிறகு அலன் கீயின் குட்டைக் கையைப் பிடித்துக் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். ‘கழன்றுவிடுமோ’ என்ற பயத்தில் மரைப்பசை தடவாதீர்கள். இரும்புக்கு நல்லதான அந்தப் பசை அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் அரித்து, ஓட்டையைச் சுற்றி முடி போன்ற விரிசல்களை உண்டாக்கும். வைசரைப் பெட்ரோல், தின்னர் கொண்டு துடைப்பதும் அதே பலனைத்தான் தரும். சோப்புத் தண்ணீர் போதும்.

கீழ்க்காற்றை அடைப்பது

டேங்க் பை சோதனை தேறியவர்களுக்கு இது. ஃபோர்க்கின் இரு பக்கமும், ஃபேரிங்குக்கும் டேங்குக்கும் நடுவிலுள்ள முக்கோணச் சந்துகளை அடைக்க வேண்டும். இந்தச் சந்துகளுக்கென்றே கடையில் சில பைக்குகளுக்கு டிஃப்ளெக்டர் கிடைக்கும். வாங்கும் முன் பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி, கேபிள் டை போட்டு மாட்டிப் பாருங்கள். பலன் தெரிந்தால் அதே வடிவத்தை 2, 3 மி.மீ. ஏபிஎஸ் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டலாம்.

இதில் கவனக்குறைவுக்கு இடமில்லை. ஹேண்டிலை இரு கோடி வரை திருப்பி எதுவும் உரசவில்லை என்று பாருங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை முழுக்க அமுக்குங்கள். டயரோ மட்கார்டோ தகட்டைத் தொடக் கூடாது. பிரேக் ஹோஸும் ஆக்சிலரேட்டர் கேபிளும் இழுபடக் கூடாது. ரேடியேட்டரின் முன்பக்கத்தை மட்டுமல்ல, சூடான காற்று வெளியேறும் பின்பக்கத்தையும் மறைக்காதீர்கள். ஆயில்கூலர், ஏர்கூல் எஞ்சினின் ஃபின்கள் இவற்றுக்கும் அதே விதி. சித்திரை வெயிலில் சென்னை டிராஃபிக்கில் நிற்கும்போதுதான் தவறின் விலை தெரியும்.

டிஃப்ளெக்டர் கிளிப்

வைசரின் மேல்விளிம்பில் கவ்வி மாட்டும் சிறு தகடு. பலரும் இதை வைசரோடு ஒட்டி, நீட்சி போல மாட்டுகிறார்கள். அப்படி மாட்டினால் அது உயரமான வைசர் மட்டுமே. விளிம்புக்கும் தகட்டுக்கும் இடையே 2, 3 செ.மீ. சந்து விட்டு மாட்டினால் அந்தச் சந்து வழியாகப் போகும் காற்று சுழியைக் கொஞ்சம் கரைக்கும். அதில்தான் விஷயமே இருக்கிறது. கோணத்தை ஒவ்வொரு முறையும் 5 பாகை அளவில் மாற்றிச் சோதியுங்கள். மெல்லிய, 2 மி.மீ. வைசரில் இதை மாட்டினால் 80-இல் வைசரே நடனமாடும்; 3 மி.மீ.யாவது வேண்டும்.

ஹெல்மெட்டும் காதும்

முன்னால் கொக்கின் அலகு போல நீளும் பீக் உள்ள ஹெல்மெட் சுழிக்காற்றில் மிக மோசமாக ஆடும். பீக்கைக் கழற்ற முடிந்தால் நெடுஞ்சாலைக்குக் கழற்றிவிடுங்கள். தளர்ந்த ஹெல்மெட் எந்த வைசருக்கும் அடங்காது: கன்னப் பஞ்சு பழசாகி அமுங்கியிருந்தால் ஹெல்மெட் தனியாக, தலை தனியாக ஆடும். ஹெல்மெட்டைப் பிடித்து இடவலமாகத் திருப்பினால் கன்னத்துத் தோலும் கூடவே இழுபட வேண்டும்.

உலுக்கல் குறைந்தாலும் சத்தம் முழுதாகப் போகாது. 100 கி.மீ.க்குப் பக்கத்தில் ஹெல்மெட்டுக்குள் 95, 100 டெசிபெல் சாதாரணம். தொழிற்கூடங்களுக்கான அமெரிக்கப் பரிந்துரை ஒன்று 85 டெசிபெலுக்கு எட்டு மணி நேரமும் 100 டெசிபெலுக்கு வெறும் 15 நிமிடமும்தான் அனுமதிக்கிறது. மருந்துக்கடையில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஃபோம் இயர்பிளக்கைச் சரியாக, மெல்லிசாக உருட்டி, காதுமடலை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே செருகினால் போதும். ஹார்ன் கேட்கும், லாரி கேட்கும், காற்று மட்டும் தூரப் போகும்.

பின்சீட்டுக்காரர்

அவர் நிலைமை எப்போதும் மோசம். தலை இன்னும் உயரத்தில், இன்னும் பின்னால், பட்டை நன்றாகத் தடித்துவிட்ட இடத்தில் இருக்கிறது. போதாததற்கு ஓட்டுபவரின் ஹெல்மெட்டும் அவருக்கென்று தனிச் சுழி ஒன்றைக் கிளப்பிவிடும். வைசரால் இதற்குப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. நெருங்கி உட்காரச் சொல்லுங்கள். அது ஓரளவு உதவும்.

பக்கக்காற்று

1950-களில் ரேஸ் பைக்குகளுக்கு முன்சக்கரத்தையும் சேர்த்து மூடும் குப்பைத்தொட்டி வடிவ ஃபேரிங் வந்தது. இத்தாலியின் மாண்டெல்லோ டெல் லாரியோவில் மோட்டோ குட்ஸி கம்பெனி காற்றுச் சுரங்கமே கட்டி ஆராய்ந்த காலம் அது. வேகம் கூடியது. ஆனால் பக்கக்காற்றில் அந்த பைக்குகள் பாய்மரம் போலத் தள்ளாடின. 1957 சீசனோடு சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு அவற்றைத் தடைசெய்தது. ஓட்டுபவரின் சௌகரியத்தையும் கணக்கில் எடுத்து முழு ஃபேரிங்கைத் தொழிற்சாலையிலிருந்தே மாட்டி 1976-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 100 ஆர்எஸ்ஸைக்கூட, இத்தாலிய வாகன வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துத்தான் செதுக்கினார்கள்.

நமக்கு இதில் பாடம் எளிது. வைசரைப் பெரிதாக்கினால் காற்று பிடிக்கும் பரப்பும் பெரிதாகும். ஃபேரிங் சேஸிஸில் பிடிக்கப்பட்டிருந்தால் அந்த விசை வண்டி உடம்புக்குப் போகும்; ஹேண்டிலில் மாட்டிய வைசர் என்றால் நேராக ஸ்டியரிங்குக்கே போகும். எனவே ஹேண்டிலில் மாட்டும் பெரிய வைசரை, அதிலும் பின்னால் கனமான டாப் பாக்ஸ் இருக்கும்போது, எச்சரிக்கையாகவே அணுகுங்கள். எந்த மாற்றம் செய்தாலும் முதலில் 50, பிறகு 60, 70, 80 என்று படிப்படியாக ஏறுங்கள். ஹேண்டில் மெல்ல இடவலமாக அலைய ஆரம்பித்தால் பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள். அந்த மாற்றத்தைக் கழற்றிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். வைசர், ஸ்பேசர், டிஃப்ளெக்டர் மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாட்டினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசி வரை தெரியாது. முதல் 100 கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளைக் கையால் தொட்டுப் பாருங்கள், வெயில் படும்படி வைத்து ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வெல்நட் ரப்பர் சில கோடைகளில் காய்ந்து இறுகிவிடும். போல்ட்டை முறுக்கும்போது நட்டும் சேர்ந்து சுற்றினால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.